தொட்டிக்குள் இறங்கிய அதிகாரி

ஒரு தொட்டி சுத்தமாக இருக்கிறதா இல்லையா என்பதை அந்தத் தொட்டியின் சொந்தக்காரரே சொல்லிக்கொள்ள முடியாது. அப்படி விட்டால் ஆளாளுக்குத் தன் தொட்டி சுத்தம் என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள், ஒழுங்கு கெட்டுவிடும். இதை முன்கூட்டியே உணர்ந்த அரசாங்கம், மூடிய கொள்கலன்கள் மேற்பார்வைத் துறை என்று ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு ஓர் இயக்குநரையும் பல ஆய்வாளர்களையும் மாடிக் கட்டடம் ஒன்றையும் கொடுத்திருந்தது. கட்டடம் எல்லாத் தொட்டிகளின் நாற்றத்திலிருந்தும் போதிய தொலைவில் இருந்தது.

அந்தத் துறையின் பார்வையில் இருந்த தொட்டிகளில் ஒன்று நம் பண்ணைக்காரருடையது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பாதி மண்ணில் புதைந்து, மேலே ரப்பர் கூடாரம் உப்பிக்கொண்டு நிற்கும் சாண எரிவாயுத் தொட்டி. காலையில் சாணத்தைக் கரைத்து ஊற்றினால், உள்ளே குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று வாயு விடும். அந்த வாயுவில்தான் பால் காய்ச்சும் கொப்பரை கொதித்தது, பால் குளிர்விக்கும் இயந்திரம் ஓடியது, வீட்டு அடுப்பும் எரிந்தது. மாடு மடியில் கொடுத்ததை மாடு வாலடியில் கொடுத்ததுதான் கெடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு மாடுகளுக்கு மணல் மெத்தை போடுவது நாகரிகமாக இருந்தது. "மணலில் படுக்கும் மாடு மனநிறைவோடு கறக்கும்" என்று ஊரெல்லாம் சுவரொட்டி. நம் பண்ணைக்காரருக்கு எதிலும் முதல் ஆளாக நிற்க ஆசை. லாரி லாரியாக மணல் இறக்கினார். பத்திரிகையில் மாட்டோடு படம் வந்தது. மாடுகளுக்கு மனம் நிறைந்ததோ என்னவோ, சாணத்தோடு மணலும் சேர்ந்து போய்த் தொட்டி நிறைந்தது. சாணத்தைத் தின்னும் கிருமி உண்டு, மணலைத் தின்னும் கிருமி இன்னும் பிறக்கவில்லை. அடியில் மணல் ஏற ஏற, அடுப்பில் தீ இறங்கிக்கொண்டே வந்தது.

பழைய முறைப்படி தொட்டியைச் சுத்தம் செய்வதென்றால் அதை மூட வேண்டும், அதாவது சாணம் ஊற்றுவதை நிறுத்திக் காலி செய்ய வேண்டும். மூடினால் கிருமிகள் செத்துப்போகும், மறுபடி உயிர்பிடிக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பால் கெடும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூடிய தொட்டிக்குள் யாராவது இறங்கி மண்வெட்டியால் வாரிப் போட வேண்டும். கல்யாணமான புதிதில் பண்ணைக்காரர் அப்படி ஒருமுறை இறங்கி, கயிற்றில் கட்டித் தூக்கப்பட்டு, மூச்சுப்பேச்சில்லாமல் வெளியே வந்தார். அவருக்கு அது ஒரு பழங்கதை. அவர் மனைவிக்கு அப்படி இல்லை. "இன்னொரு தடவை நீங்களோ வேற எவனோ அதுக்குள்ள இறங்கினா, அன்னைக்கே மாட்டையெல்லாம் அவுத்து விட்டுடுவேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் கேலி பேசும் அவள் அதை மட்டும் கேலியாகச் சொல்லவில்லை. இதற்கிடையே சுத்தச் சான்றிதழின் கெடு வேறு முடியப்போகிறது. சான்றிதழ் இல்லாத பண்ணை வாசலில் பால் லாரி நிற்காது.

இந்த நெருக்கடியில்தான் மனைவியின் தம்பி ஓர் இயந்திரத்தோடு வந்து இறங்கினான். தட்டையான உடம்பு, கீழே சங்கிலிச் சக்கரம், முன்னால் நீட்டிய உறிஞ்சு குழாய், முதுகில் ஒரே ஒரு விளக்கு. பார்த்தவுடன் எல்லாரும் அதை ஆமை என்றே கூப்பிட்டார்கள்.

"தொட்டியை மூடவே வேண்டாம் மாமா" என்றான் அவன். "பக்கத்துல ரெட்டைக் கதவு வச்ச பெட்டி ஒண்ணு பொருத்துவோம். வெளிக்கதவைத் திறந்து ஆமையை உள்ள விட்டு, அதைச் சாத்திட்டு, உள்கதவைத் திறப்போம். கேஸ் வெளியே போகாது, காத்து உள்ளே போகாது. அது பாட்டுக்கு அடியில ஊர்ந்து மணலை உறிஞ்சி வெளியே தள்ளும். கிருமிக்குத் தூக்கம்கூடக் கலையாது."

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்களே" என்றாள் அக்கா.

"இது வீட்டுக்குள்ள வரலைக்கா. தொட்டிக்குள்ளதானே போகுது."

ஆமை உள்ளே போயிற்று. வேலை நடந்தது. கொட்டகைக்குப் பின்னால் கறுத்த மணல் ஒரு குட்டிக் குன்றாக ஏறியது. ஒரு வாரத்தில் அடுப்பில் தீ நீலமாக, உஸ்ஸென்ற சத்தத்தோடு எழுந்தது. பண்ணைக்காரரின் மனைவி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். சந்தோஷம் தாங்காமல் கண் கலங்கியதற்குப் புகையைக் காரணம் காட்ட முடியவில்லை, ஏனென்றால் புகையே இல்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சுத்தமாவது வேறு, சுத்தம் என்று ஆவது வேறு.

ஆய்வாளர் வந்தார். கெட்டவர் அல்ல. யாருக்காவது உதவ முடியாமல் போனால் உண்மையாகவே வருத்தப்படுவார். முறைப்படி அந்த வருத்தத்தைக் கோப்பில் பதிவும் செய்வார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"எப்ப மூடினீங்க?"

"மூடலை சார். அதுதான் இதோட சிறப்பே" என்றார் பண்ணைக்காரர்.

"சுத்தம் பண்ணினதா எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"பண்ணிட்டோம் சார்."

"மூடாமலா?"

"மூடாமதான்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "மூடாத தொட்டியைச் சுத்தம் பண்ண முடியாதுங்க. விதியில இடமில்லை."

"அந்த மணல் குவியலைப் பாருங்க சார். உள்ளே இருந்து வந்ததுதான்."

"பார்க்கிறேன். மணல் வெளியில இருக்கு. என் வேலை உள்ளே இருக்கிறதைப் பார்க்கிறது."

பண்ணைக்காரர் முகம் வாடிப்போனது ஆய்வாளருக்குப் பொறுக்கவில்லை. சற்று யோசித்து, "ஒண்ணு செய்யலாம். மூடினதா வச்சுக்குவோம். ஒரு சம்பிரதாயம்தான்" என்றார். பையிலிருந்து சிவப்பு நூலும் அரக்கும் எடுத்தார். எந்தக் குழாய்க்கும் இடைஞ்சல் இல்லாத ஓர் இடமாகப் பார்த்துத் தொட்டியில் நூலைச் சுற்றி முத்திரை வைத்தார். "இன்று காலை மூடப்பட்டு, முழுமையாகக் காலி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொட்டி அது பாட்டுக்கு உப்பிக்கொண்டிருந்தது.

பண்ணைக்காரரின் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஆய்வாளர் வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"அடுப்பு எதுலம்மா எரியுது?"

"தொட்டி கேஸ்லதான்."

"தொட்டி மூடியிருக்கே."

"ஆமா, இப்பத்தான் மூடினீங்க."

"மூடின தொட்டியில கேஸ் வராதும்மா."

"வருதே."

"வரலைம்மா" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"அப்ப வராத கேஸ்ல போட்ட டீயை எப்படிக் குடிப்பீங்க?"

ஆய்வாளர் இதை ஆழ்ந்து யோசித்தார். "ஆறுறதுக்குள்ள குடிச்சிடணும்" என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்தார்.

மறுநாள் ஆய்வாளரையும் பண்ணைக்காரரையும் இயக்குநர் வரச்சொன்னார். இயக்குநர் புதுமை விரும்பி. அறையில் நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பெரிய ரப்பர் பந்துகளைப் போட்டிருந்தார், முதுகுக்கு நல்லதாம். பண்ணைக்காரர் பந்தின் மேல் உட்கார்ந்து, உருளாமல் இருக்க இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். மரியாதையாகக் கும்பிடக்கூட முடியவில்லை.

"மூடியாச்சு, காலி பண்ணியாச்சு. நல்லது" என்றார் இயக்குநர், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. "காலியான தொட்டிக்குள்ள துறை அதிகாரி ஒருத்தர் நேர்ல இறங்கி அடியைப் பார்க்கணுமே. நீங்க எப்ப இறங்கினீங்க?"

"இறங்கலைங்க ஐயா" என்றார் ஆய்வாளர். "உள்ளே கழுத்துக்கு மேல சாணம் இருக்கு."

"காலி பண்ணின தொட்டியில சாணம் எப்படி இருக்கும்?"

"காலி பண்ணலைங்க ஐயா."

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதாங்க."

"அப்ப துறையோட ஆவணம் பொய்னு சொல்றீங்களா?"

ஆய்வாளர் பந்தின் மேல் லேசாக ஆடினார். இருபது வருட சேவையில் அவர் துறையின் ஆவணத்தைச் சந்தேகித்ததே இல்லை. "இல்லைங்க ஐயா. காலியாத்தான் இருக்கு."

"பிறகென்ன, இறங்கிப் பார்த்துட்டு வாங்க."

பண்ணைக்காரர் மேசையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அதுக்குள்ள இறங்கினா ஆள் செத்துடுவாருங்க" என்றார்.

"சாணம் இருந்தா சாகலாம். கேஸ் இருந்தா சாகலாம்" என்றார் இயக்குநர் பொறுமையாக. "ஒண்ணுமே இல்லாத தொட்டியில எதனால சாகிறது? காரணம் எழுத வேண்டாமா?"

அந்த வார முடிவில் ஆய்வாளர் ஒரு புதுக் கயிற்றோடு பண்ணைக்கு வந்தார். முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் கயிற்றை இடுப்பில் சுற்றுவதைப் பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தன் இடுப்பில் அன்று கட்டிய கயிறு இறுகியது அவருக்கு ஞாபகம் வந்தது. இந்த மனிதர் செத்தால் வாசலில் பால் லாரி நிற்காது என்று முதலில் நினைத்தார். அப்படி நினைத்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டார்.

"என்ன சார் இது, புள்ளைகுட்டிக்காரர்" என்றாள் பண்ணைக்காரரின் மனைவி. "கொஞ்சமாவது புத்தியிருக்கா?"

"விதிம்மா. அதிகாரி இறங்கித்தான் ஆகணும்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "அதிகாரிதானே இறங்கணும்? தினம் அந்த ஆமைதான் உள்ளே போய்ட்டு வருது. அதை அதிகாரி ஆக்கிட்டுப் போங்களேன்."

அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆய்வாளரோ கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, விதிப் புத்தகத்தை எடுத்து மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியின் விளிம்பில் வைத்துப் புரட்ட ஆரம்பித்தார். முன்னட்டை முதல் பின்னட்டை வரை பார்த்தார். அதிகாரிக்குப் பதவியாணை வேண்டும், அடையாள வில்லை வேண்டும், உடல்தகுதி வேண்டும், வழக்கு எதுவும் இருக்கக்கூடாது. அதிகாரி மனிதராக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அப்படி ஒரு விதி தேவை என்று அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இயக்குநருக்கு யோசனை மிகவும் பிடித்துப்போனது. பதவியாணை தயாரானது. உடல்தகுதி பார்க்க வந்த மருத்துவர் ஆமையின் முதுகில் தட்டிப் பார்த்துவிட்டு, "இரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, இதயக் கோளாறு காணப்படவில்லை" என்று எழுதினார். அத்தனையும் உண்மை. முன்நடத்தை பற்றி விசாரித்ததில் யாரும் குறை சொல்லவில்லை. முதுகில் பித்தளை வில்லை ஒன்று பொருத்தப்பட்டது.

ஆய்வு நாளன்று இயக்குநரும் பத்திரிகைக்காரர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடி நின்றார்கள். தற்காலிக ஆய்வாளர் ஆமை, வெளிக்கதவு வழியாக நுழைந்து, உள்கதவு வழியாகத் தொட்டிக்குள் இறங்கி, ஊர்ந்து, திரும்பி வந்தது. மைத்துனன் அதைத் தண்ணீர் அடித்துக் கழுவினான்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு முறைப்படி கேட்டார். "அடி சுத்தமாக உள்ளதா?"

முதுகில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"உள்ளது" என்று இயக்குநர் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"மாமா, அது பேட்டரி விளக்கு. சார்ஜ் இருக்குன்னு அர்த்தம்" என்று மைத்துனன் காதருகே சொன்னான்.

"வாயை மூடு மாப்பிள்ளை" என்றார் பண்ணைக்காரர், கை தட்டிக்கொண்டே.

சான்றிதழ் கிடைத்தது. பால் லாரி மறுபடி வாசலில் வந்து நின்றது. ஆய்வாளர் உயிரோடு வீட்டுக்குப் போய்க் கைக்கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பத்திரிகையில் செய்தி வந்ததும் ஊருக்குப் புது நாகரிகம் பிடித்துக்கொண்டது. எதையும் நிறுத்தாமல் சுத்தம் செய்ய வேண்டும். இயக்குநர் இதற்கு 'ஓயாத் தூய்மை இயக்கம்' என்று பெயரிட்டார். பள்ளிக்கூடங்களில் பாடம் நடக்கும்போதே கூட்டினார்கள். பிள்ளைகள் வரிசை வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டு வாய்ப்பாடு சொன்னார்கள். ஓடும் பேருந்தை ஓடும்போதே கழுவினார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் நனைந்துகொண்டே அலுவலகம் போய், நனைந்ததைப் பெருமையாகக் காட்டினார்கள். ஒரு முடிதிருத்தகத்தில், செல்பேசியில் பேசிக்கொண்டே நடக்கும் வாடிக்கையாளர் பின்னாலேயே நடந்து முடி வெட்டினார்கள். காது ஒன்றிரண்டு சேதமானாலும் நாகரிகத்துக்குச் சேதமில்லை.

இவ்வளவு பெரிய இயக்கத்துக்குக் காரணமான அதிகாரியைத் தற்காலிகமாகவே வைத்திருப்பது நன்றாக இருக்காது அல்லவா? ஆமை நிரந்தரமாக்கப்பட்டது. விடுப்பு கேட்டதில்லை, தாமதமாக வந்ததில்லை, மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதில்லை என்பதால் உடனே பதவி உயர்வும் வந்தது. தலைமை அலுவலகத்தில் அதற்குத் தனி அறை, மேசை, மின்விசிறி. நாற்காலியில் உட்கார முடியாததால் நாற்காலியின் மேல் தூக்கி வைத்தார்கள். உயர் அதிகாரி சாணத்தில் இறங்குவது பதவிக்கு அழகல்ல என்று ஒரு சுற்றறிக்கையும் போனது. அரசு ஊழியர் வெளிவேலை பார்க்கக்கூடாது என்பது ஏற்கெனவே இருந்த விதிதான்.

மைத்துனன் இதை எதிர்த்துச் சண்டை போடுவான் என்று பண்ணைக்காரர் எதிர்பார்த்தார். அவனுக்கு 'உயர் ஆய்வாளரின் நிரந்தர உதவியாளர்' என்று உத்தியோகம் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் போய் சார்ஜ் போட வேண்டும், மாலையில் தூசி தட்ட வேண்டும். "கவர்ன்மெண்ட் வேலை மாமா" என்றான் அவன், சொல்லும்போதே குரல் மாறியிருந்தது. அக்காள் அக்கம்பக்கமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மறுவாரமே இரண்டு பெண் வீட்டார் ஜாதகம் கேட்டு அனுப்பினார்கள்.

தொட்டிக்கு இதெல்லாம் தெரியாது. மாடுகள் மணலில் படுத்தன, மணல் சாணத்தோடு போயிற்று, அடியில் மறுபடி ஏறியது. மணல் மெத்தையை எடுத்துவிடலாம்தான். ஆனால் மாட்டோடு எடுத்த படம் கண்ணாடி போட்டு முன்னறையில் தொங்கியது. எடுத்துவிட்டால் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? சில மாதங்களில் அடுப்புத் தீ மறுபடி தீக்குச்சி அளவுக்கு வந்தது. ஒருநாள் கொப்பரைப் பால் முழுதும் திரிந்துபோக, அதைச் சாக்கடையில் ஊற்றினார்கள். அன்று மாலை பண்ணைக்காரர் பழைய மண்வெட்டியைத் தேடி எடுத்து வாசலில் வைத்தார். மனைவி அதை எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள்.

"போய் ஆமையைக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

பண்ணைக்காரர் தலைமை அலுவலகத்துக்குப் போனார். மைத்துனன் சீருடையில் வாசலில் நின்றான். "தம்பி, நம்ம ஆமையை ஒரு வாரம்..." என்று ஆரம்பித்தார்.

"மாமா, மெதுவாப் பேசுங்க. ஐயா உள்ளே இருக்கார். மனு எழுதிட்டு வரிசையில வாங்க."

வரிசை படிக்கட்டு வரை இறங்கியிருந்தது. முன்னால் நின்றவர் விவரம் தெரிந்தவர். "பச்சைன்னா சரி. சிவப்புன்னா முடியாது. காலையில வந்தா பச்சை, சாயந்தரம் ஆனா சிவப்பு. இதுக்கு முந்தி இருந்தவரும் இப்படித்தான், ஆனா இவர் எரிஞ்சு விழமாட்டார்" என்றார். பின்னால் நின்ற அம்மா, "நம்ம சொல்றதை முழுசாக் கேட்கிறாருப்பா, அதுவே பெரிசு" என்றாள். பண்ணைக்காரருக்குத் திடீரென்று ஒரு பெருமை வந்தது. "நம்ம வீட்டுத் தொட்டியில இறங்கித்தான் முன்னுக்கு வந்தார்" என்றார். எல்லாரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

அவர் முறை வந்தபோது மாலை ஆகிவிட்டது. நாற்காலியின் மேல் இருந்த ஆமையின் முன்னால் மனுவை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். ஆமையைச் சுத்தம் செய்யும் வேலைக்கு அனுப்பும்படி ஆமைக்கே எழுதிய மனு அது. விளக்கு பச்சையாகவும் எரியவில்லை, சிவப்பாகவும் எரியவில்லை. விட்டு விட்டு மினுக்கியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தீக்குச்சித் தீயின் முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டாள். "என்ன ஆச்சு?"

"பரிசீலிக்கிறார்" என்றார் பண்ணைக்காரர்.

"யாரு?"

"ஐயாதான். முகம் கொடுத்துத்தான் பார்த்தார். ஆனா பிடி கொடுக்கலை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பாள், அல்லது கத்துவாள் என்று அவர் நினைத்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

"வெறுங்கையோடயா போய் நின்னீங்க?" என்றாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பண்ணைக்காரர் கடையில் ஒரு டப்பா கிரீஸ் வாங்கி, துணிப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு போனார். வரிசை ஏற்கெனவே தெருவரை வந்திருந்தது. நின்றவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பா இருந்தது. பண்ணைக்காரருடையதுதான் இருப்பதிலேயே சின்னது.